நாப் திருப்பினால் எண் பின்னோக்கி ஓடுகிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சர்ச் பாடகர் குழுவின் கீபோர்டில், டோன் மாற்றும் பெரிய நாப்பை வலப்பக்கம் திருப்பினால் 45, 46, 44, 45 என்று எண் முன்னும் பின்னும் ஓடுகிறது. சில நேரம் அசைவதே இல்லை. மெயின் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா? (மார்த்தாண்டம்)

பதில்: போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். முதலில் அதே எண்ணை பிளஸ், மைனஸ் பட்டன்களால் மாற்றிப் பாருங்கள். பட்டனில் ஒழுங்காக ஏறி இறங்கினால் பெரும்பாலும் போர்டில் குறையில்லை, நாப்புக்கு அடியில் இருக்கும் சிறிய பாகம்தான் பழுது.

எல்லை இல்லாமல் சுற்றிக்கொண்டே போகும் நாப்புக்குக் கீழே இருப்பது ரோட்டரி என்கோடர். ஓர் எல்லையில் தொடங்கி மறு எல்லையில் நின்றுவிடும் நாப் என்றால் அது வால்யூம் கண்ட்ரோல் வகை, அதாவது பொட்டென்ஷியோமீட்டர். இந்த இரண்டுக்கும் நோயும் வேறு, மருந்தும் வேறு.

என்கோடருக்குள் இரண்டு மெல்லிய தகட்டுத் தொடுமுனைகள் உண்டு. நாப் திரும்பும்போது இரண்டும் ஒரே நேரத்தில் தொடாது, ஒன்று சற்று முந்தும். எது முந்தியது என்பதை வைத்தே கருவி வலமா இடமா என்று கண்டுகொள்கிறது. உள்ளிருக்கும் கிரீஸ் காய்ந்து கெட்டியாகி, தகட்டில் கறுப்புப் படிந்தால், ஒரு தொடுகை விட்டுப்போகும் அல்லது ஒரே தொடுகை இரண்டு மூன்றாகத் துடிக்கும். முந்துவது எது என்ற கணக்கு அங்கே குழம்பிவிடும். உங்கள் 46 திடீரென 44 ஆவது இதனால்தான்.

கருவியை அணைத்துவிட்டு, நாப்பை இரண்டு பக்கமும் வேகமாக நாற்பது ஐம்பது சுற்று சுற்றுங்கள். படிவு லேசாக இருந்தால் இதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் நாப்பைக் கழற்றி, ஷாஃப்ட் (நாப் செருகியிருக்கும் தண்டு) இடுக்கில் காண்டாக்ட் கிளீனர் (தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் திரவம்) இரண்டு சொட்டு விட்டு மறுபடி சுற்றலாம். ஆனால் என்கோடர் ஏறக்குறைய மூடிய டப்பா, உள்ளே போவது கொஞ்சம்தான். சில வாரத்தில் பழைய குறை திரும்பி வந்தால் புதியது போடுவதே நல்லது.

வாங்கும்போது கவனம் தேவை. பலவற்றில் இருப்பது ஈசி11 அளவு: ஒரு பக்கம் மூன்று பின், அமுக்கும் சுவிட்ச் உள்ளதென்றால் எதிர்ப்பக்கம் இரண்டு பின். ஷாஃப்ட் ஒரு பக்கம் சீவிய டி வடிவமா, பல் வெட்டியதா, எத்தனை மில்லிமீட்டர் நீளம், கழுத்தில் மரை உண்டா என்பதையெல்லாம் பழையதோடு ஒப்பிடுங்கள். இவற்றைவிட முக்கியம் ஒரு சுற்றுக்கு எத்தனை 'கிளிக்', எத்தனை பல்ஸ் (தொடுமுனை ஒருமுறை தொட்டு விலகுவது) என்பது. மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, மூன்று பின்னில் நடுப்பின்னிலும் ஓரப்பின் ஒன்றிலும் முனைகளைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு சுற்றுக்கு 24 கிளிக் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளிக்கிலும் பீப் வந்து அடங்கினால் 24 கிளிக்குக்கு 24 பல்ஸ். ஒரு கிளிக்கில் பீப் விடாமல் ஒலித்து, அடுத்த கிளிக்கில் அடங்கினால் 24 கிளிக்குக்கு 12 பல்ஸ். இதை மாற்றிப் போட்டால் ஒரு கிளிக்குக்கு எண் இரண்டு தாவும், அல்லது இரண்டு கிளிக்குக்கு ஒன்றுதான் நகரும். புதியது போட்ட பிறகு எண் ஒழுங்காக, ஆனால் எதிர்த்திசையில் ஓடினால் பயப்பட வேண்டாம். அந்தத் தயாரிப்பில் இரண்டு ஓரப்பின்களின் வரிசை தலைகீழ். அவற்றை மெல்லிய வயரால் மாற்றி இணைத்தால் போதும்.

கேள்வி: என்கோடரைக் கழற்றும்போது போர்டிலிருந்த செம்புத் தடம் பின்னோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. எப்படிக் கழற்றியிருக்க வேண்டும்? (குலசேகரம்)

பதில்: ஈயம் முழுதாக உருகும் முன் இழுத்ததால் வந்த வினை. என்கோடரைத் தாங்கும் இரண்டு பெரிய காதுகள்தான் தொல்லை. அவை கிரவுண்டின் அகலமான செம்பில் ஒட்டியிருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், 25 வாட் அயர்ன் அங்கே திணறும். சூடு கட்டுப்படுத்தும் 60 வாட் அயர்னை 350 டிகிரியில் வைத்து, பழைய ஈயத்தின் மேல் பிளக்ஸும் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) கொஞ்சம் புது ஈயமும் (60/40) சேர்த்து உருக்குங்கள். புது ஈயம் கலந்தால் பழையது சீக்கிரம் இளகும். பிறகு பம்பாலோ செம்பு வலைத் திரியாலோ உறிஞ்சுங்கள்.

பழைய பாகம் எப்படியும் குப்பைக்குத்தான். எனவே அதைக் காப்பாற்றப் பார்க்காமல் போர்டைக் காப்பாற்றுங்கள். தகட்டு உறையின் மடிப்புகளை நிமிர்த்தி மேல்பாகத்தை எடுத்துவிட்டு, பின்களைக் கட்டரால் ஒவ்வொன்றாக வெட்டி, தனித்தனியே உருக்கி எடுத்தால் தடம் உரியாது. உரிந்த தடத்துக்கு வழி உண்டு: அந்தத் தடம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பீப் வைத்துக் கண்டுபிடித்து, பின்னிலிருந்து அங்கே மெல்லிய இன்சுலேட்டட் வயரை ஈயம் வைத்து இணைத்துவிடுங்கள். கருவி அதே ஆயுளோடு ஓடும்.

கேள்வி: கொடை விழாக்களுக்கு வில்லுப்பாட்டு மைக் செட் போடுகிறோம். மிக்சரில் வால்யூம் திருப்பினால் கரகர சத்தம். துரு இளக்கும் ஸ்பிரே அடித்தோம், ஒரு வாரம் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம். (குளச்சல்)

பதில்: துரு இளக்கும் ஸ்பிரேயில் எண்ணெய் இருக்கிறது. அது வால்யூம் கண்ட்ரோலுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் ஒட்டி, கடற்காற்றின் உப்பையும் பந்தல் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை இனித் தொடாதீர்கள்.

மின் இணைப்பைப் பிடுங்குங்கள். உள்ளேயே 230 வோல்ட் பவர் சப்ளை உள்ள மிக்சராக இருந்தால், பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கலாம். சில நிமிடம் பொறுத்து, மீட்டரில் பார்த்து, வோல்ட் இறங்கிய பிறகே கை வையுங்கள். வால்யூம் கண்ட்ரோலின் பின்கள் வெளியே வரும் இடத்தில் சின்ன இடுக்கு தெரியும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், எண்ணெய் இல்லாத காண்டாக்ட் கிளீனரைக் குழாய் வைத்து அந்த இடுக்கில் ஒரு சிறு பீச்சு. முப்பது முறை ஓரத்திலிருந்து ஓரம்வரை திருப்பி, அழுக்கு வெளியேற இன்னொரு பீச்சு. அரைமணி நேரமாவது காயவிட்டே ஆன் செய்யுங்கள். ஆறாக ஊற்றினால் ஷாஃப்ட்டுக்கு இதமான பிடிப்பைத் தரும் கிரீசும் கழுவிக்கொண்டு போய், நாப் தளர்ந்துவிடும்.

சுத்தம் செய்தும் குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும் கரகரத்தால் தடம் தேய்ந்துவிட்டது. திறந்து பார்த்தால் கறுப்புத் தடத்தின் நடுவே பளபளவென்று ஒரு கோடு விழுந்திருக்கும். மாற்றத்தான் வேண்டும். உடலில் ஏ50கே, பி10கே என்று எழுதியிருப்பதை அப்படியே பார்த்து வாங்குங்கள். இன்று கடையில் கிடைப்பவற்றில் பொதுவாக ஏ என்பது லாக் (முதலில் மெல்ல, பிறகு வேகமாக ஏறும் வகை), பி என்பது லீனியர் (ஒரே சீராக ஏறும் வகை). ஒலி வால்யூமுக்கு ஏ இருந்த இடத்தில் பி போட்டால் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறிவிடும், மீதிச் சுற்றில் பெரிய மாற்றம் தெரியாது. ஸ்டீரியோவுக்கு இரட்டை அடுக்கு, ஆறு பின்.

புதியது போட்டும் எல்லா இடத்திலும் கரகரக்கிறதா? அப்போது குற்றம் கண்ட்ரோலில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் கசிந்து, ஒலியோடு டிசியையும் (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) உள்ளே விடுகிறது. பாட்டு இல்லாமல் ஆன் செய்து, ஓரப்பின்கள் இரண்டுக்கும் இடையே டிசி அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் காட்டினால், அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ள கெப்பாசிட்டரை பிளஸ் மைனஸ் பார்த்து மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: கீபோர்டுகளில் பல நாப்கள் 3.3 அல்லது 5 வோல்ட் டிசியில்தான் இயங்கும். அங்கே டிசி காட்டுவது பழுதல்ல.

கேள்வி: நாப் மட்டும் வெடித்து, ஷாஃப்ட்டில் நிற்காமல் சுழல்கிறது. பசை போடலாமா? (தக்கலை)

பதில்: சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அது ஷாஃப்ட் வழியே இறங்கி உள்ளே உறைந்தால் நல்ல கண்ட்ரோலும் போய்விடும். நாப்பின் கழுத்தில் ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஒரு வளையம் வெட்டிப் போட்டு, சூடு காட்டி இறுக்குங்கள். இனிக் கழற்றும்போது ஸ்குரூடிரைவரால் நெம்பாமல், நாப்புக்கு அடியில் துணி நாடாவைச் சுற்றி இரு முனையையும் பிடித்து நேர் மேலே இழுங்கள்.

கேள்வி: வீடு கடற்கரையில். இந்தப் பழுது வராமல் தடுக்க என்ன செய்வது? (முட்டம்)

பதில்: நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. ஈரமும் உப்பும் ஆண்டில் பாதிக்கு மேல் காற்றில் நிற்கும். கருவியைப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறையென்றால் ஈரம் உள்ளேயே தங்கும். பெட்டியில் வைப்பதென்றால் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து வையுங்கள். கிறிஸ்துமஸ் கேரல் பவனியில் நனைந்து வந்த கருவியை உடனே ஆன் செய்யாமல், துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். பயன்படுத்தாத மாதங்களிலும் வாரம் ஒருமுறை எல்லா நாப்களையும் ஓரம்வரை பத்து முறை திருப்பிவிடுங்கள். படிவு கெட்டியாகும் முன் உராய்ந்து போய்விடும்.