மே மாதத்தில் வடதுருவ ஒளியா?

கேள்வி: மே கடைசியில் பிள்ளைகளோடு முதல்முறையாக நார்வே போகிறோம். 5 நாளில் ஓஸ்லோ, பெர்கன், டிராம்சோ மூன்றையும் பார்த்து, வடதுருவ ஒளியையும் கண்டு வர ஆசை. முடியுமா? – வாசகி ஒருவர், திருச்சி.

பதில்: முடியாது. முதலில் வடகோடியில் இருக்கும் டிராம்சோவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கில் வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. வானம் இருட்டினால்தானே, அங்கே வண்ணமாக நெளியும் அந்த ஒளி தெரியும்? அதற்கான காலம் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் கடைசி வரை. அப்போதும் மேகம் மறைத்துவிடும் என்பதால் நாலைந்து இரவாவது தங்க வேண்டும். மே மாதம் ஒளியைக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

உங்கள் 5 நாளை ஃபியோர்டுக்குக் கொடுங்கள். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் இடம் அது. பனி உருகி அருவிகள் பெருகி விழுவது மே, ஜூனில்தான். ஓஸ்லோவில் ஒரு இரவு. மறுநாள் பெர்கன் ரயில் ஏறினால் 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையம் வரும். அங்கே அப்போதும் பனி கிடக்கும். மிர்டாலில் இறங்கி ஃபிளோம் ரயிலுக்கு மாறுங்கள். வெறும் 20 கிலோமீட்டரில் 866 மீட்டரிலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்கும் பாதை. வழியில் ஷோஸ்ஃபொசன் அருவியருகே சில நிமிடம் நிறுத்துவார்கள். சாரல் நடைமேடை வரை அடிக்கும், கேமராவை மூடிக்கொள்ளுங்கள். இரவு ஃபிளோமில் தங்கி, காலையில் குட்வாங்கனுக்குப் படகு, இரண்டு மணி நேரம். படகு போகும் நேரொய்ஃபியோர்டின் குறுகலான இடத்தில் தண்ணீரின் அகலம் 250 மீட்டர்தான். இரு பக்கமும் பாறைச் சுவர். பிறகு வொஸ் வரை பஸ், அங்கிருந்து பெர்கனுக்கு ரயில். பெர்கனில் இரண்டு இரவு. ஓஸ்லோவிலிருந்து பெர்கன் வரையிலான இந்த வழியை ஒரே நாளில் முடிப்பவர்களும் உண்டு, பிள்ளைகளோடு வேண்டாம்.

பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜீன்ஸ் நனைந்தால் காயாது, உடம்பு நடுங்கிவிடும். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். குடை காற்றுக்கு நிற்காது.

சாப்பாட்டுச் செலவுதான் கையைக் கடிக்கும். சமையலறை உள்ள அறையாக எடுங்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோவதில் பருப்புப்பொடி சரி, நெய்யும் பால் இனிப்பும் வேண்டாம்: ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை. யூரோ மாற்றாதீர்கள், அங்கே குரோன். எங்கும் கார்டு செல்லும்.

ஷெங்கன் விசாவுக்கு (நார்வே உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஏப்ரலில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கடினம், ஜனவரியிலேயே போடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். கூடவே வேறு ஷெங்கன் நாடும் போவதானால், எங்கே அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசா வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.