செடியைக் கேளுங்கள்: உருளைக்கிழங்கில் வரும் நோய்கள்

கேள்வி: உருளைக்கிழங்குச் செடியில் கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. இப்போது மேல் இலைகளின் ஓரமும் கருகுகிறது. இரண்டும் ஒரே நோயா? என்ன மருந்து தெளிக்கலாம்?

பதில்: இரண்டும் வேறு வேறு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கீழே உள்ள வயதான இலைகளில், வட்டத்துக்குள் வட்டமாக, காய்ந்த புள்ளிகள் தெரிந்தால் அது முன்பருவக் கருகல். மெதுவாகப் பரவும். சத்துக் குறைந்த, தண்ணீருக்கு ஏங்கிய செடியில்தான் அதிகம் தாக்கும். அந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு உரமும் நீரும் சீராகக் கொடுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

பயப்பட வேண்டியது பின்பருவக் கருகலுக்கு. 1845-இல் அயர்லாந்தின் உருளை விளைச்சலை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதுதான். இலை நுனியிலோ ஓரத்திலோ வெந்நீர் பட்டதுபோல் கரும்பச்சைத் திட்டு விழும். சீக்கிரமே பழுத்துக் கறுக்கும். காலையில் ஈரம் காய்வதற்குள் இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுத்த பகுதியைச் சுற்றி, அடிப்புறத்தில் மெல்லிய வெண்பூஞ்சை ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். வெயில் ஏறியபின் பார்த்தால் அது தெரியாமல் போகலாம்.

குளிர்ந்த, மேகமூட்டமான, ஈரம் காயாத நாட்கள் தொடர்ந்தால் ஒரு வாரம் பத்து நாளில் பாத்தி முழுவதும் சரிந்துவிடும். மருந்து, தாக்காத இலையைத்தான் காக்கும். கருகிய இலையை மீட்காது. எனவே இப்படிப்பட்ட வானிலை தொடங்கும்போதே காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு 3 கிராம் கலந்து, இலையின் இரு புறமும் நனையத் தெளியுங்கள். 7 முதல் 10 நாள் கழித்து மறுபடியும் தெளிக்க வேண்டும். அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பது பாக்கெட்டிலேயே இருக்கும், அதை மீறாதீர்கள். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேரில் விடுங்கள். பக்கத்தில் தக்காளி இருந்தால் அதையும் தினமும் பாருங்கள், இதே நோய் அதற்கும் வரும்.

செடியில் பாதிக்குமேல் கருகிவிட்டால் மருந்தை விட்டுவிட்டுக் கிழங்கைக் காப்பாற்றுங்கள். தண்டை மண்மட்டத்தில் அறுத்து அப்புறப்படுத்துங்கள். உடனே தோண்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் விட்டால் தோல் முற்றும். மண்மேல் விழுந்த, நோயைப் பரப்பும் நுண்வித்துகளும் பெரும்பாலும் செத்துவிடும். உடனே தோண்டினால் அவை கிழங்கில் ஒட்டி, வைத்த இடத்தில் அழுகல் தொடங்கும். முன்கூட்டியே நன்றாக மண் அணைத்திருந்தால் மழைநீரோடு வித்துகள் கிழங்கு வரை இறங்குவது வெகுவாகக் குறையும்.

கேள்வி: இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. ஆனால் மதியம் செடி துவள்கிறது, மாலையில் தேறுகிறது. தண்ணீர் போதவில்லையா?

பதில்: மண் ஈரமாக இருந்தும் துவண்டால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகியுங்கள். வீட்டிலேயே சோதிக்கலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுமுனை தொடும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் அதுதான். இதற்கு மருந்து இல்லை. செடியை வேர்மண்ணோடு எடுத்து அகற்றுங்கள். மட்குக் குழியில் போடாதீர்கள். அந்த இடத்திலிருந்து வழியும் நீர் அடுத்த செடிக்குப் போகக் கூடாது. கத்தி, களைக்கொத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். அந்த மண்ணில் குறைந்தது மூன்று ஆண்டுகள் உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம்.

கேள்வி: கிழங்கின் தோலில் சொறிபோல் சொரசொரப்பு. சாப்பிடலாமா?

பதில்: தோல் சீவிவிட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம். அடுத்த முறை, கிழங்கு பிடிக்கத் தொடங்கியதிலிருந்து ஐந்தாறு வாரம் மண் காயாமல் பாருங்கள். சாம்பலும் சுண்ணாம்பும் போடாதீர்கள். காரத்தன்மை கூடினால் சொறியும் கூடும்.

கேள்வி: விளைந்ததிலேயே விதைக்கு எடுத்து வைக்கலாமா?

பதில்: இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு விறைத்தோ, திட்டுத்திட்டாக வெளிறியோ, செடி குட்டையாகவோ இருந்தால் கூடவே கூடாது. அது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பரப்பும் வைரஸ். கிழங்கு வழியாக அடுத்த பயிருக்கும் போகும். சான்று பெற்ற விதைக்கிழங்கு வாங்குவதே நல்லது. வெட்டி நடுவதானால் துண்டுக்கு இரண்டு கண் (முளை வரும் இடம்), 40 முதல் 50 கிராம் எடை இருக்கட்டும். ஒவ்வொரு கிழங்குக்கும் இடையே கத்தியைத் துடையுங்கள். வெட்டிய பரப்பில் பழுப்பு வளையம் தெரிந்தால் அந்தக் கிழங்கை முழுவதுமாக ஒதுக்குங்கள். நல்ல துண்டுகளை நிழலில் இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு, வெட்டுவாய் மூடியபின் நடுங்கள்.