தோப்புக்குள் எரிவாயுக் குழாய்: 21 நாட்களுக்குள் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதன் குறுக்கே எரிவாயுக் குழாய் பதிக்கப்போவதாக அறிவிக்கை வந்திருக்கிறது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போகும்படி ஆட்சேபிக்கலாமா?

பதில்: ஆட்சேபிக்கலாம். ஆனால் அந்த ஒரு கோரிக்கையை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். கொச்சியிலிருந்து பெங்களூரு செல்லும் குழாய்த்தடம் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் ஏறத்தாழ 310 கி.மீ. தூரம் போவதாகத் திட்டமிடப்பட்டபோது, நெடுஞ்சாலை ஓரமாகவே பதிக்க வேண்டும் என்று 2013-இல் தமிழக அரசே வலியுறுத்தியும், 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தடம் வகுக்கும் பொறியாளர் முதலில் எண்ணுவது வீடுகளைத்தான். குடியிருப்பு குறைந்த நிலப்பரப்பில் 32 கி.மீ.க்கு ஓர் அடைப்பு வால்வு (வாயு ஓட்டத்தை நிறுத்தும் வால்வு) போதும். அடுக்குமாடிகள் நெருங்கிய நகரத்தில் 8 கி.மீ.க்கு ஒன்று வேண்டும், குழாயின் தடிமனும் அதிகமாக வேண்டும். சாலையோரத்தில் ஊர் வளரும், சாலையும் பின்னால் அகலமாகும் என்பதால் தடம் வயல் பக்கம் ஒதுங்குகிறது.

உங்களால் மாற்ற முடிவது தோப்புக்குள் அது செல்லும் கோடு. 1962-ஆம் ஆண்டின் குழாய்த்தடச் சட்டப்படி, அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாக இருந்த இடம், நிரந்தரக் கட்டடம் நிற்கும் இடம், வீட்டை ஒட்டிய மனை ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்கக் கூடாது. மற்ற நிலத்திலும் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். ஆகவே புல வரைபட நகலில் வீடு, கிணறு, மரவரிசை, வரப்பு ஆகியவற்றை அளந்து குறித்து, தோப்பை நடுவில் பிளக்காமல் எல்லை வரப்பை ஒட்டிக் கொண்டுபோகும் மாற்றுக்கோட்டையும் வரைந்து, 21 நாட்களுக்குள் தகுதிபெற்ற அதிகாரியிடம் (இச்சட்டப்படி இதற்கென நியமிக்கப்பட்டவர்) எழுத்துமூலம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ உங்கள் தரப்பைச் சொல்லவும் உரிமை உண்டு.

நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். அதன் அடியில் குழாய் பதித்துப் பராமரிக்கும் பயன்பாட்டு உரிமை மட்டுமே போகிறது. ஆனால் குழாய் செல்லும் பட்டை நிலத்தில் இனி மரம் வைக்கவோ, கிணறு வெட்டவோ, கட்டடம் எழுப்பவோ முடியாது. இதற்குச் சட்டம் தருவது அந்த நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. அறுபது ஆண்டு காய்க்கும் தென்னையை இனி நடவே முடியாதவருக்கு இது நியாயமான தொகை அல்ல என்பதே என் உறுதியான கருத்து. வெட்டப்படும் மரங்களுக்கும் பயிருக்கும் தனி இழப்பீடு உண்டு. எனவே எந்திரம் இறங்கும் முன்பே ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். நிர்ணயித்த தொகை குறைவென்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடும்போது அந்தப் படங்களே உங்கள் சான்று.