இலங்கையின் மலையகத்தில் எம்.ஜி.ஆர். படங்கள் இன்னும் ஏன் இவ்வளவு விரும்பப்படுகின்றன?

அவர் 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதைத்தான் பலரும் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. சிவாஜி இங்கே பிறக்கவில்லை, அவருக்கும் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உயிரையே விடும் ரசிகர்கள் இருந்தார்கள்.

என் பார்வையில் காரணம் கதைகளில் இருக்கிறது. 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வைத்தியரையும் அவரோடு பிடிபட்டவர்களையும் கடல் கடந்து ஒரு தீவுக்கு அடிமைகளாக விற்கிறார்கள். அவர்கள் விடுதலைக்குப் போராடுகிறார்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் ‘யார் இந்தியாவுக்கு, யார் இங்கே’ என்று பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த லயத்து மக்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்களுக்கு, அது வெறும் ராஜா கதையாகவா தெரிந்திருக்கும்? ‘அதோ அந்தப் பறவை போல’ பாட்டை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிறகு, இலங்கை வானொலி. படம் தியேட்டரை விட்டுப் போன பிறகும் பாட்டு லயத்து வாசல்வரை வந்துகொண்டே இருந்தது. படமே பார்க்காத பிள்ளைகளுக்கும் வரிகள் மனப்பாடம்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் ‘படகோட்டி’யிலிருந்து தொடங்கலாம். அதிலும் உழைக்கும் மக்களின் வயிற்றுப்பாடுதான் கதை. முடிந்தால் வீட்டிலுள்ள அம்மாயி, தாத்தாவோடு உட்கார்ந்து பாருங்கள்.