அட்டாச்மென்ட் லாஸ்: ஈறு இறங்கியிருந்தால் கூட்டலா, கழித்தலா?

அட்டாச்மென்ட் லாஸ் (பல்லைப் பிடித்திருக்கும் திசு எவ்வளவு இழந்திருக்கிறது என்ற அளவு) கணக்கிட, ஈறு இறங்கியிருந்தால் கூட்ட வேண்டும். ப்ரோபிங் ஆழம் (ஈறு விளிம்பிலிருந்து ப்ரோப் என்ற அளவுக் கம்பி உள்ளே இறங்கும் தூரம்) 5 மி.மீ., ஈறு இறக்கம் 2 மி.மீ. என்றால் அட்டாச்மென்ட் லாஸ் 7 மி.மீ. 5-லிருந்து 2-ஐக் கழித்து நீங்கள் போட்ட 3 தவறு.

ஈறு வீங்கி எனாமலை மூடியிருக்கும் கணக்கோடு குழப்பிக்கொண்டீர்கள் போல. கழித்தல் அங்கேதான்: ஆழம் 6, ஈறு விளிம்பு எனாமல்-சிமென்டம் எல்லையை (பல்லின் கிரீடமும் வேரும் சேரும் கோடு) தாண்டி 2 மி.மீ. கிரீடப் பக்கம் இருந்தால், 6 − 2 = 4.

சந்தேகம் வந்தால் ஒரு பல்லை வரைந்து, அந்த எல்லைக்கோடு, ஈறு விளிம்பு, ப்ரோபின் நுனி மூன்றையும் குறியுங்கள். எல்லைக்கோட்டிலிருந்து நுனிவரை உள்ள தூரம்தான் விடை. ஈறு எங்கே இருந்தாலும் இது மாறாது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இதுவே மேல்.

அப்புறம் ஒன்று: சில சார்ட்டுகளில் இறக்கத்தை மைனஸாகவும், சிலவற்றில் வீக்கத்தை மைனஸாகவும் எழுதுவார்கள். கேள்வியில் எந்த முறை என்று முதலில் பாருங்கள்.