இளங்குதிரையோடு முதல் தாண்டல் போட்டி: கேள்வி பதில்

மாசியில் நம் பக்கம் நடக்கிற உள்ளூர் ஷோ ஜம்பிங்குக்கு (குதிரையேறிக் கம்பு தாண்டும் போட்டி) இளங்குதிரை கொண்டுபோகிறவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ராணுவத்தில் குதிரைகளோடு இருபது வருடம், அப்புறம் ஒரத்தநாட்டுப் பக்கம் குதிரை பழக்கிப் பதினோரு வருடம். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன். வைத்தியம் கேட்காதீர்கள், நான் டாக்டர் இல்லை. 'என் குதிரை எத்தனை அடி தாண்டும்' என்றும் கேட்காதீர்கள்.

திருவையாறு: நாலு வயது என்று சொல்லி விற்றார்கள். எட்டு மாதமாக ஏறுகிறேன். வீட்டில் 80 செ.மீ. தாண்டுகிறது. 80 பிரிவிலேயே பெயர் கொடுக்கலாமா?

முதலில் குதிரையின் வாயைப் பாருங்கள், விற்றவர் வாயை விடுங்கள். முன்பற்களில் நடு ஜோடி நிலைப்பல் இரண்டரை வயதில் வரும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். ஓரத்தில் மட்டும் பால்பல் இருந்தால் அவர் சொன்னது பொய்யில்லை. நடு ஜோடி மட்டும்தான் மாறியிருக்கிறது என்றால் மூன்றைச் சுற்றிய குட்டி அது. இந்த வருடம் கையில் பிடித்துக்கொண்டு போய் மைதானத்தைக் காட்டிவிட்டுத் திரும்புங்கள். பார்க்க ஆளாகத் தெரியும். ஆனால் முதுகெலும்பு முற்ற ஐந்தரை, ஆறு வயது ஆகும்.

நாலு வயதேதான் என்றால் 60 பிரிவில் கொடுங்கள். வீட்டில் தாண்டுகிற உயரத்திலிருந்து ஒரு சாண் குறைத்துக்கொள்வது என் வழக்கம். உங்கள் தோப்பில் அதற்கு ஒவ்வொரு தென்னையும் தெரியும். போட்டி மைதானத்தில் மைக் செட் கத்தும், ஃபிளக்ஸ் பேனர் படபடக்கும், ஐஸ் வண்டிக்காரர் மணி அடிப்பார், எங்கோ ஒரு குதிரை கனைக்கும். உங்கள் குதிரை பதிலுக்குக் கனைத்துக்கொண்டே இருக்கும், நீங்கள் மேலே இருப்பதே அதற்கு மறந்துபோகும். பாதி மூளை இப்படிப் போய்விட்ட குதிரையிடம் கம்பும் புதிது, உயரமும் புதிது என்றால் அது நிற்கத்தான் செய்யும். ஒருமுறை நிற்கப் பழகிவிட்டால் அதை மறக்கடிக்க ஆறு மாதம் ஆகும்.

அதனால் இப்போதே ஒரு பழைய ஃபிளக்ஸை வேலியில் கட்டிவிடுங்கள். பழைய புடவையும் போதும். கல்யாண சீசனில் தவில் சத்தம் கேட்கிற தெருவில் நடத்திக் கூட்டிப் போங்கள், ஏறி வேண்டாம். போட்டிக்குப் போகும்போது பழகிய கிழக்குதிரை ஒன்று துணைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது.

வார்ம்-அப்பில்தான் நம் ஆட்கள் குதிரையைத் தீர்த்துவிடுகிறார்கள். நாற்பது தடவை தாண்டவைத்துக் களைக்கவிட்டு உள்ளே போவார்கள். இளங்குதிரைக்கு ஆறேழு தாண்டல் போதும்: குறுக்குக் கம்பு (X போல வைத்தது) இரண்டு, நேர்க்கம்பு மூன்று, அகலமானது ஒன்று. நன்றாகத் தாண்டியதோடு நிறுத்துங்கள். வார்ம்-அப்பிலும் கம்பைத் தாண்டும்போது சிவப்புக் கொடி வலக்கைப் பக்கம், வெள்ளை இடக்கைப் பக்கம். எதிர்த்திசையில் வந்து தாண்டினால் யார் மீதாவது மோதுவீர்கள். உள்ளே போன பின் மணி அடிக்கும்வரை ஆரம்பக் கோட்டைத் தொடாதீர்கள். மணிக்கு முன்னால் கடந்து முதல் கம்பைத் தாண்டினால் வெளியே. மணி அடித்தபின் 45 வினாடி இருக்கிறது. அதில் ஒரு வட்டம் நிதானமாகப் போய், பயந்த கம்பைக் குதிரைக்குப் பார்க்கக் கொடுங்கள், மூக்கை வைத்து மோந்துபார்க்க விடாமல்.

கம்பு விழுந்தால் 4 பெனால்டி. ஒருமுறை நின்றால் அதற்கும் 4. சர்வதேச விதியில் இரண்டாவது முறை நின்றாலே வெளியே. உள்ளூரில் சில இடங்களில் மூன்று வரை விடுவார்கள், முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். இளங்குதிரைக்கு நான் பெனால்டி எண்ணுவதே இல்லை. கடைசிக் கம்பைத் தாண்டும்போது காது முன்னால் இருந்ததா என்று மட்டும் பார்ப்பேன்.

மன்னார்குடி: கடையில் மாட்டுத் தீவனம் மலிவாகக் கிடைக்கிறது. குதிரைக்குப் போடலாமா?

போடாதீர்கள்.

நன்னிலம்: வாய்க்காலையெல்லாம் பட்டென்று தாண்டுகிறவன், பெயின்ட் அடித்த கம்பைப் பார்த்தால் நிற்கிறான். ஏன்?

நம் டெல்டாக் குதிரைகளின் நோயே இதுதான்! தண்ணீர்த் தொட்டி வைத்தால் ஊட்டிக் குதிரை நிற்கும், நம்முடையது சிரித்துக்கொண்டே போகும். வாய்க்கால் பிறந்ததிலிருந்து பார்த்தது, பெயின்ட் புதிது. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பச்சைப் புல்லில் சிவப்புக் கம்பு கிடந்தால் நமக்குப் பளிச்சென்று இருக்கும், அதற்கு மங்கல். வெள்ளைப் பட்டை போட்டுப் பழக்குங்கள், அடியில் தரையோடு ஒரு கம்பைக் கிடத்துங்கள். எங்கே கால் எடுப்பது என்று அந்தத் தரைக்கம்புதான் அதற்குச் சொல்லும்.

இன்னொன்று, நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் குதிரைக்குக் குருட்டு இடம். கிட்டே வர வர கம்பு அந்த இடத்துக்குள் போய்விடும். தூரத்திலிருந்தே தலையைக் கொஞ்சம் அசைத்து அளந்துகொண்டுதான் அது வருகிறது. கடைசி நாலு எட்டில் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தால் கண்ணைக் கட்டிவிட்டுத் தாண்டச் சொன்ன கதைதான். பெரும்பாலும் நின்றது குதிரை இல்லை, நிறுத்தியது நீங்கள்.

பட்டுக்கோட்டை: என் குதிரை எத்தனை அடி தாண்டும்?

மேலே படியுங்கள்.

சீர்காழி: திருக்கடையூர் காணும் பொங்கல் ரேக்ளாவில் ஓடிய குதிரை, ஆறு வயது. ஷோ ஜம்பிங்குக்கு வருமா?

வரும், ஆனால் அவசரப்படாதீர்கள். வண்டியில் ஓடிய குதிரைக்கு இழுப்பதுதான் வேலை. கடிவாளத்தை இறுக்கினால் இன்னும் வேகமாகப் போ என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் தாண்டலே வேண்டாம். வட்டம், நிறுத்தம், மறுபடி வட்டம். தரையில் கிடக்கும் கம்புகளை நாலரை அடி இடைவெளியில் வைத்து டிராட்டில் (துள்ளுநடையில்) கடக்கவிடுங்கள். அதற்குத் தைரியம் குறையிருக்காது. சத்தமும் கூட்டமும் உங்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

வலங்கைமான்: நெற்றியில் இரட்டைச் சுழி. இதைப் போட்டிக்குக் கொண்டுபோனால் ஏறுகிறவனுக்கு ஆகாது என்கிறார்கள்.

சுழி என்பது முடி வளர்ந்த திசை. அவ்வளவுதான்.

பாபநாசம்: அப்படி ஒரே வரியில் தள்ளாதீர்கள் ஐயா. எங்கள் தாத்தா சுழி பார்க்காமல் ஒரு குதிரையும் வாங்கியதில்லை. அந்தியூர்ச் சந்தையில் இன்றைக்கும் விலையே சுழியில்தான் இருக்கிறது.

விலை அதில் இருக்கிறது, சரி. ஆடி மாதம் நானும் அந்தியூர் போகிறவன்தான். கால் நாலும் கடைந்தெடுத்த மாதிரி இருக்கும் குதிரையைச் சுழி என்று ஒதுக்கிவிட்டு, குளம்பு வெடித்ததை ராஜசுழி என்று கூடுதல் விலைக்கு வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாத்தா சுழியைப் பார்த்துக்கொண்டே காலையும் பார்த்திருப்பார். நமக்குச் சுழி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தஞ்சாவூர்: சரஸ்வதி மகாலில் அசுவ சாஸ்திரச் சுவடியே இருக்கிறது. அதெல்லாம் பொய்யா?

சுவடி இருக்கிறது, அதன் மேல் எனக்கு மரியாதையும் இருக்கிறது. ஆனால் ஏட்டில் இருப்பதால் கம்பு விழாமல் இருக்காது. சுழிக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: ஒரு குதிரையின் சுழிகள் போல இன்னொன்றுக்கு அமையாது, அதனால் போட்டிக் குதிரைகளின் பாஸ்போர்ட்டில் படம் வரைந்து எங்கெங்கே சுழி என்று குறிப்பார்கள். நமக்குக் கைரேகை மாதிரி. கைரேகை வைத்துக் களவாளியைப் பிடிக்கலாம், ஜாதகம் சொல்லலாமா என்பது உங்கள் இஷ்டம்.

பாபநாசம்: நீங்களே சுழி பார்த்து ஒரு குதிரையை விட்டதாக ஊரில் பேச்சு.

உண்மைதான். வேலையிலிருந்து வந்த புதிதில், பெரியவர் ஒருவர் சொன்னார் என்று ஒரு கருப்புப் பெட்டையை விட்டேன். வாங்கிப் போனவர் அதை ஒரு மீட்டர் பிரிவில் கம்பு விழாமல் ஓட்டினார். நான் வேலி ஓரம் நின்று கைதட்டினேன். அதனால்தான் இவ்வளவு கோபம். வலங்கைமான்காரரே, போட்டிக்குப் போங்கள். வேண்டாமென்றால் என்ன விலை என்று எனக்குச் சொல்லுங்கள். சுழி விவகாரம் இத்தோடு போதும்.

திருவாரூர்: எனக்கு 14 வயது. அப்பாவின் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறலாமா அங்கிள்?

கூடாது பாப்பா. அது கனம், கழுத்தைத் திருப்பவிடாது, விழும்போது சவாரி ஹெல்மெட் போலத் தலையோடு ஒட்டியிருக்காது. சவாரிக்கென்று தாடையில் பட்டை வைத்த ஹெல்மெட் வாங்கச் சொல்லு, சேணம் பழையதாக இருந்தால் பரவாயில்லை என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். அப்புறம் செருப்போடு ஏறாதே. அங்கவடியில் பாதம் உள்ளே நழுவி மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டு போய்விடும். குதிகால் உள்ள ஷூ.

திருத்துறைப்பூண்டி: சம்பா அறுத்த வயலில் பழகலாமா?

வண்டல் வெடித்துக் கிடக்கும், தாள் குத்தும். வேண்டாம். கொள்ளிடத்து மணல் நல்லதுதான், ஆனால் காய்ந்த ஆழமணலில் ஓடவிட்டால் கால் தசைநார் போகும். தண்ணீர் ஓரத்து ஈரமணலில், நடையும் டிராட்டும்.

கும்பகோணம்: இரட்டைக் கம்பில் (அடுத்தடுத்து இரண்டு தாண்டல்) குதிரையின் எட்டு சரியாக விழுவதில்லை.

கோர்ஸை (கம்பு வைத்த பாதையை) நடந்து பார்த்தீர்களா? குதிரையின் ஒரு கேண்டர் (மிதவேக ஓட்டம்) எட்டு சுமார் 12 அடி என்று வைத்துத்தான் கம்பு போடுவார்கள். உங்கள் காலடி ஒன்று மூன்று அடி என்று பழக்கிக்கொண்டால் நாலு காலடி வைத்தால் ஒரு எட்டு. இறங்க இரண்டு காலடி, எழும்ப இரண்டு காலடி கழியுங்கள். நடுவில் ஒரு எட்டு என்றால் 24 அடி வரும். நம் காத்தியவாரி இனக் குட்டிகள் அவ்வளவு நீட்டிப் போடாது, அதனால் உள்ளே வரும்போதே கொஞ்சம் தெம்பாக வரவேண்டும். தெம்பு வேறு, வேகம் வேறு.

பேராவூரணி: கறவைக்கு வாங்கிய தீவனம் மிச்சம் இருக்கிறது...

மறுபடியும் இதா! சில மாட்டு, கோழித் தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது, உள்ளே போனது போனதுதான். கொள்ளு ஊறவைத்துக் கொடுங்கள், புல் கொடுங்கள்.

அறந்தாங்கி: மூக்கில் சளி ஒழுகுகிறது. போட்டிக்கு இன்னும் பத்து நாள்.

போட்டியை மறந்துவிட்டு, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு. கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனை செய்யாமல் மற்ற குதிரைகள் பக்கம் கொண்டுவராதீர்கள். அது மனிதருக்கும் ஒட்டும்.

பட்டுக்கோட்டை: சரி, என் குதிரை குறைந்தது எத்தனை அடி தாண்டும்?

60 செ.மீ.

மயிலாடுதுறை: சுற்று முடிந்ததும் என்ன செய்ய?

உடனே இறங்குங்கள், வார்ப்பட்டையை இரண்டு துளை தளர்த்துங்கள், மூச்சு அடங்கும்வரை நடத்துங்கள். மாசி வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் வியர்வை காயாது, சூடு உள்ளேயே நிற்கும். தண்ணீரை ஊற்றுங்கள், கையால் வழித்து எறியுங்கள், மறுபடி ஊற்றுங்கள். குடிக்கவும் கொடுக்கலாம். போட்டோ அப்புறம்.