காற்று வரும் வழி

வணக்கம். என் சிறுகதையில் 'அவள் ஜன்னலைத் திறந்தாள்' என்று எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் ஜன்னல் தமிழே இல்லை என்று சொல்லி 'சாளரம்' எனத் திருத்திவிட்டார். அதைப் படித்தால் அவள் வேறு யாரோ வீட்டில் நிற்பது போல இருக்கிறது. எதை வைத்துக்கொள்ள?
– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

ஜன்னலையே வைத்துக்கொள்ளுங்கள். அது போர்த்துக்கீசிய 'ஜனெலா'விலிருந்து வந்தது என்பது உண்மைதான். சாவி, மேசை, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. வங்காளிகள் அதை ஜானாலா என்கிறார்கள், இந்தோனேசியர்கள் ஜெண்டேலா என்கிறார்கள். இத்தனை தலைமுறை நம் வீட்டுச் சுவரில் இருந்துவிட்ட சொல்லை வெளியே போ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாளரமும் எனக்குப் பிடித்த சொல். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் இருக்கும் மாடத்துக்குள் 'கோலச் சாளரக் குறுங்கண்' வழியாகத்தான் வண்டோடு தென்றல் நுழைகிறது. ஆனால் இன்று அது கணினித் திரைக்கும் 'ஒற்றைச் சாளர முறை'க்கும் குடிபோய்விட்டது. உங்களுக்கு வீடு மாறிய மாதிரி இருந்தது அதனால்தான்.

அதே காப்பியத்தில் 'மான்கண் காலதர்' என்றும் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண் போன்ற துளைகள் கொண்ட காற்றுவழி! இந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்'தான். வடமொழியின் கவாட்சம் மாட்டின் கண். நம் பலகணியிலும் கண் இருக்கிறது.

உருவகமாகச் சொல்லும்போது நாம் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம். புத்தகம் உலகத்தின் ஜன்னல், மொழி இன்னொரு பண்பாட்டின் ஜன்னல் என்கிறோம். எல்லாமே வேடிக்கை பார்க்கிற ஜன்னல்கள். கண்ணாடி போட்ட பிறகு மூடி வைத்தபடியே பார்த்துக்கொள்ளலாம் இல்லையா? 'மனசின் ஜன்னலைத் திற' என்று ஒருவரிடம் சொல்லும்போது மட்டும் காலதர் திரும்பி வருகிறது. உள்ளே புழுங்குகிறது, கொஞ்சம் காற்று வரட்டும் என்றுதானே அதற்குப் பொருள்?

சரி, உங்கள் கதைக்கு வருவோம். அவள் எதற்காகத் திறக்கிறாள்? தெருவைப் பார்க்கவா, மூச்சு விடவா? அதை முடிவு செய்துவிட்டு அடுத்த வரியை எழுதிப் பாருங்கள்.